ஆடு மேய்கிறது... கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்!

லாஸ் வேகாஸ் என்றதும் பெரும்பாலானவர்களுக்கு நினைவுக்கு வருவது சூதாட்டமும் வண்ண விளக்குகளும்தான். அங்கே போகிறவர்கள் மறுநாள் காலை ஒரு வாடகைக் காரைப் பிடித்துக்கொண்டு ஹூவர் அணையைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். வழியில் போல்டர் சிட்டி என்று ஒரு சின்ன ஊர். அணை கட்ட வந்த தொழிலாளர்கள் தங்குவதற்காக 1931இல் அமெரிக்க அரசே கட்டத் தொடங்கிய ஊர். நெவாடா மாநிலத்துக்குள் இருந்துகொண்டே சூதாட்டத்துக்கு இடம் கொடுக்காத ஊர் என்பது அதற்கு இன்னொரு பெருமை. 2018இல் புறவழிச்சாலை வந்த பிறகு அந்த ஊருக்குள் நுழையாமலே அணைக்குப் போய்விடலாம். அப்படிப் போகிறவர்கள் எதை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது!

ஊரின் ஓரத்தில் ஹெமன்வே பூங்கா இருக்கிறது. பார்த்தால் எந்த ஊரிலும் இருக்கக்கூடிய பூங்காதான். பச்சைப் புல்தரை, மரநிழல், உட்கார மேசைகள், குழந்தைகள் விளையாட ஓரிடம். தூரத்தில் மீட் ஏரி நீலமாகத் தெரியும். ஆனால் அந்தப் புல்லில் சாவகாசமாகப் படுத்து அசைபோடுகிற ஆடுகள் யாருடையவும் அல்ல. பட்டியில் அடைபடாத, மேய்ப்பன் இல்லாத காட்டு ஆடுகள். ஆங்கிலத்தில் பிக்ஹார்ன். தமிழில் பெருங்கொம்பு ஆடு என்று சொல்லலாம். அதிலும் இது பாலைவனத்தில் வாழும் வகை. 1973 முதல் நெவாடாவின் மாநில விலங்கே இதுதான்.

பெயருக்குக் காரணம் கிடாவின் கொம்பு. தலை உச்சியில் கிளம்பி, பின்னால் போய், கீழே இறங்கி, கன்னத்தை ஒட்டி வளைந்து, நுனி மறுபடி முன்னால் எட்டிப் பார்க்கும். மான் கொம்பு மாதிரி வருடா வருடம் விழுந்து முளைப்பதில்லை. சாகும்வரை அதே கொம்புதான். ஆண்டுக்கு ஒரு வளையம் விழுவதால் கொம்பைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடலாம். வயதான கிடாக்களின் கொம்பு நுனி பெரும்பாலும் உடைந்தோ தேய்ந்தோ இருக்கும். இரண்டு கிடாக்கள் பின்னங்காலில் எழும்பி, ஓடி வந்து மோதிக்கொள்ளும் சத்தம் மலைச்சரிவில் வெகுதூரம் கேட்கும். பெட்டைக்கும் கொம்பு உண்டு. ஆனால் மெலிந்து, லேசாக வளைந்து, வெள்ளாட்டுக் கொம்பு போல இருக்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் பெட்டையைப் பார்த்துவிட்டு "இது வேறு ஜாதி போல" என்று சொல்லிக்கொள்வதும் உண்டு!

இந்த விலங்கைக் காப்பாற்றுவதற்காகவே 1936இல் லாஸ் வேகாஸுக்கு வடக்கே ஒரு பெரிய பாலைவனக் காப்பகத்தை அமெரிக்க அரசு ஒதுக்கியது. பரப்பு ஏறக்குறைய 16 லட்சம் ஏக்கர்! அங்கே போய் நாள் முழுக்க வெயிலில் பைனாகுலரோடு நின்றாலும் ஓர் ஆடுகூடக் கண்ணில் படாமல் திரும்பி வரலாம். பாறையின் நிறமும் ஆட்டின் நிறமும் ஒன்று. தவிர, ஆட்டின் பார்வை கூர்மை. மனிதர் அதைப் பார்ப்பதற்கு முன்பே அது மனிதரைப் பார்த்துவிட்டு முகட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடும். அப்படிப்பட்ட பிராணி, இங்கே ஒரு நகராட்சிப் பூங்காவில், பிறந்தநாள் கேக் வெட்டுகிற மேசைக்குப் பத்தடி தள்ளிப் படுத்திருக்கிறது. யாருக்குத்தான் ஆசை வராது?

ஆசை வருவதில் தப்பு இல்லை. அந்த ஆசை எத்தனை அடி முன்னால் நடக்கிறது என்பதில்தான் சிக்கல்.

அதற்கு முன், ஆடுகள் ஏன் வருகின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும். பூங்காவுக்கு மேலே ரிவர் மலைத்தொடர் என்று வறண்ட மலைகள் இருக்கின்றன. ஆடுகளின் வீடு அதுதான். சிங்கமோ நாயோ துரத்தினால் ஏறித் தப்பிக்கச் செங்குத்தான பாறை, குட்டி போட ஒதுக்குப்புறம், இரவில் படுக்க முகடு, எல்லாம் அங்கே உண்டு. (சிங்கம் என்றால் பிடரி வைத்த சிங்கம் இல்லை. மலைச்சிங்கம் என்று அங்கே சொல்லப்படும் பூமா.) இல்லாதது ஒன்றே ஒன்று, பச்சை. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் அந்த மலையில் இருப்பது காய்ந்த புல்லும் முள்ளும்தான். கீழே பார்த்தால் தினமும் தண்ணீர் தெளிக்கப்படும் புல்வெளி. நாலு வயிறு கொண்ட எந்தப் பிராணியும் செய்வதைத்தான் அவையும் செய்கின்றன. இறங்கி வந்து வயிறு நிறைய மேய்ந்துவிட்டு, படுத்து அசைபோட்டுவிட்டு, பொழுது சாய்ந்தால் மேலே ஏறிவிடுகின்றன.

ஆக, மனிதர் மேல் பிரியம் வைத்து ஆடுகள் வருவதில்லை. புல்லுக்காக வருகின்றன. அங்கே மனிதரும் இருக்கிறார்கள், அவ்வளவே. மேய்கிற இடத்தில் ஒரு தொந்தரவு, ஆனால் பொறுத்துக்கொள்ளக்கூடிய தொந்தரவு என்று அவை முடிவு செய்திருக்கின்றன. "எவ்வளவு சாதுவாக இருக்கிறது பாரேன்" என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். சாது என்பது வேறு, பொறுமை என்பது வேறு.

இந்தப் பொறுமையின் உள்ளே என்ன நடக்கிறது என்று அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில், வலேரியஸ் கைஸ்ட் என்ற உயிரியலாளரும் அவருடைய சகாக்களும் காட்டுப் பெருங்கொம்பு ஆடுகளுக்கு இதயத் துடிப்பை ரேடியோவில் அனுப்பும் கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள். 1979இலும் 1982இலும் முடிவுகள் வெளிவந்தன. அதில் முக்கியமான விஷயம் இதுதான்: ஆடு ஓடுவதற்கு முன்பே அதன் இதயத் துடிப்பு ஏறிவிடுகிறது. பல சமயம் ஆடு அசையவே அசையாது, வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் உள்ளே துடிப்பு எகிறியிருக்கும். எதற்கு மிக அதிகமாக எகிறியது? நாயோடு வரும் மனிதரைப் பார்த்தபோது. முகட்டுக்குப் பின்னாலிருந்து திடீரென்று மனிதர் தலைகாட்டியபோது. அதே ஆடுகள் சாலையில் போகிற வண்டிகளைப் பெரிதாகச் சட்டை செய்யவில்லை!

வண்டி எந்த வழியாக வரும், எந்த வழியாகப் போகும் என்பது ஆட்டுக்குத் தெரியும். நாயோடு வருகிற ஆள் எந்தப் பக்கம் திரும்புவான் என்பது தெரியாது. ஆய்வாளர்கள் சொன்ன யோசனையும் அதை ஒட்டித்தான் இருந்தது. ஆடு திரியும் இடங்களில் மனிதர் சாலையையும் நடைபாதையையும் விட்டு விலகாமல் இருக்கட்டும், நாயைக் கூட்டி வர வேண்டாம் என்றார்கள்.

இதை ஹெமன்வே பூங்காவில் பொருத்திப் பார்த்தால் விஷயம் எளிது. மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற குடும்பம் ஆட்டுக்கு ஒரு பாறை மாதிரி. எப்போதும் அங்கேதான் இருக்கும். அந்தக் குடும்பத்திலிருந்து ஒருவர் எழுந்து, கையில் போனை நீட்டிக்கொண்டு, பூனை மாதிரிப் பதுங்கிப் பதுங்கி முன்னேறினால்? அவர் நினைப்பது, "ஆட்டைப் பயமுறுத்தாமல் மெதுவாகப் போகிறேன்." ஆட்டின் கண்ணுக்குத் தெரிவது, பதுங்கி வருகிற ஒரு பிராணி. பதுங்கி வருகிற பிராணி என்றால் ஆட்டின் உலகத்தில் ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு...

யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் இதற்குக் கணக்கே வைத்திருக்கிறார்கள். பெருங்கொம்பு ஆடு, காட்டெருமை, எல்க் மான் போன்றவற்றிடமிருந்து குறைந்தது 25 கெஜம், அதாவது ஏறக்குறைய 23 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கரடி, ஓநாய் என்றால் 100 கெஜம். நகராட்சிப் பூங்காவில் நாடா வைத்து அளந்துகொண்டிருக்க முடியாதுதான். அதற்குப் பதிலாக ஒரு சுலபமான வழி இருக்கிறது. தூரத்தை ஆடே முடிவு செய்யட்டும். மனிதர் ஓரிடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். ஆடு மேய்ந்துகொண்டே பத்தடியில் வந்தால் அது ஆட்டின் விருப்பம், பார்க்கிறவரின் அதிர்ஷ்டம். வராவிட்டால் எழுந்து போய் அதைப் பிடிக்கப் பார்ப்பது சரியில்லை. உட்கார்ந்திருப்பவருக்கும் ஒன்றும் நஷ்டமில்லை. நடந்து போய் எடுத்த படத்தில் ஆடு தலை தூக்கி முறைத்துக்கொண்டோ முதுகைக் காட்டிக்கொண்டோ இருக்கும். உட்கார்ந்தவர் குட்டி பால் குடிப்பதைப் பார்ப்பார், இளங்கிடாக்கள் விளையாட்டாக முட்டிப் பழகுவதைப் பார்ப்பார், ஆட்டின் கண்ணில் அந்தக் கிடைமட்டமான கறுப்புப் பாவை இருப்பதைக்கூடப் பார்த்துவிடுவார்.

மூணாறு போனவர்களுக்கு ராஜமலை நினைவுக்கு வரலாம். அங்கே வரையாடுகளும் பாதையோரம் மனிதரைக் கண்டுகொள்ளாமல் மேயும். ஆனால் குட்டி போடும் பருவத்தில் பார்வையாளர்களை உள்ளேயே விடமாட்டார்கள். போல்டர் சிட்டியில் அப்படிக் கதவைச் சாத்த முடியாது, அது ஊர்க்காரர்களின் பூங்கா. எனவே அங்கே பொறுப்பு முழுக்க வருகிறவர் தலையில்தான்.

சரி, இவ்வளவு பேசுவதற்குப் பதில் ஒரு வேலியைப் போட்டு ஆடுகளை மலையிலேயே நிறுத்திவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கேலிக்காகக் கேட்கப்படும் கேள்வி இல்லை. ஓர் ஊர் அதைச் செய்து காட்டியிருக்கிறது.

கலிபோர்னியாவில் பாம் ஸ்பிரிங்ஸுக்குப் பக்கத்தில் ராஞ்சோ மிராஜ் என்ற ஊர். பாலைவனத்துக்கு நடுவில் கோல்ஃப் மைதானங்களும் பசும் புல்வெளிகளும் நிறைந்த பணக்கார ஊர். ஊரை ஒட்டிய மலையில் பெருங்கொம்பு ஆடுகள். அங்கேயும் இதே கதைதான், ஆடுகள் புல்லைத் தேடி இறங்கின, மக்கள் ரசித்தார்கள். ஆனால் ஆடுகள் சாகத் தொடங்கின. 1990களில் அந்தப் பகுதியில் இறந்த பெரிய ஆடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றின் சாவுக்கு ஊரே நேரடிக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். சில காரில் அடிபட்டன. சில அரளியைத் தின்று செத்தன. ஆம், வேலியோரம் அழகுக்காக வைக்கும் அதே அரளிதான்! மலையில் வளர்ந்த ஆட்டுக்கு அரளியை யார் சொல்லிக் கொடுத்திருக்கப் போகிறார்கள்? போதாக்குறைக்கு, எப்போதும் ஈரமாக இருக்கும் புல்லில் கூட்டமாக மேய்ந்ததால் பாலைவனத்தில் ஆடுகளைத் தொட வழியில்லாத குடற்புழுக்கள் தொற்றிக்கொண்டன.

தெற்குக் கலிபோர்னியா மலைகளில் அந்த வகை ஆடுகள் மொத்தமே 300க்கும் கீழே போயிருந்த காலம் அது. 1998இல் அவற்றை அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாக அமெரிக்க அரசு அறிவித்தது. கடைசியில் ஊருக்கும் மலைக்கும் நடுவே உயரமான வேலி போட்டார்கள். 2002இல் வேலை முடிந்தது. ஆடுகள் மறுபடி மலைக்குப் பழகிக்கொண்டன. வீட்டு வாசலில் ஆடு பார்க்கும் சுகம் அந்த ஊர்க்காரர்களுக்குப் போயிற்று. ஆடு பிழைத்தது.

அந்த வேலி சரியான முடிவு. அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. அப்படியானால் ஹெமன்வே பூங்காவுக்கும் வேலிதானா?

இல்லை, இப்போதைக்கு வேண்டாம். இரண்டு ஊர்களுக்கும் வித்தியாசம் இருக்கிறது. ராஞ்சோ மிராஜில் ஆடுகள் தெருத்தெருவாக, தோட்டம் தோட்டமாக இறங்கிவிட்டன. அங்கே ஒவ்வொரு தோட்டத்திலும் ஓர் ஆபத்து. தவிர, நாலு ஆடு செத்தாலும் தாங்காத சின்னக் கூட்டம் அது. ரிவர் மலைக் கூட்டம் அப்படி இல்லை. நெவாடாவில் ஆடுகள் அற்றுப்போன வேறு மலைகளில் கொண்டுபோய் விடுவதற்காக வனவிலங்குத் துறையினர் ஆடு பிடித்த இடங்களில் அதுவும் ஒன்று. அடுத்த ஊருக்கே பெண் கொடுக்கும் அளவுக்குச் செழித்த குடும்பம்! பூங்காவும் மலையை ஒட்டியே இருக்கிறது.

ஆனால் "இப்போதைக்கு" என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். ஆடு பார்ப்பது ஊரின் உரிமை இல்லை. சாலையில் அடிபடும் ஆடுகள் கூடினால், புல்வெளியில் நோய் பரவுகிறது என்று தெரிந்தால், போல்டர் சிட்டியும் ராஞ்சோ மிராஜ் செய்ததைச் செய்தாக வேண்டும். அப்போது "சுற்றுலா போய்விடும், குழந்தைகள் ஏமாந்துபோவார்கள்" என்ற வாதமெல்லாம் எடுபடக் கூடாது.

நோய் என்பது சும்மா பயமுறுத்தும் பேச்சு இல்லை. வளர்ப்புச் செம்மறிகளும் வெள்ளாடுகளும் மைக்கோபிளாஸ்மா வகையைச் சேர்ந்த ஒரு கிருமியை மூக்கில் சுமந்துகொண்டு சுகமாகத் திரியும். அதே கிருமி காட்டுப் பெருங்கொம்பு ஆட்டுக்குப் போனால் நிமோனியா. மூச்சுக்குழாயில் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் நுண்மயிர்களை அது கெடுத்துவிட, மற்ற கிருமிகள் வரிசையாக உள்ளே நுழைந்துவிடும். 1995-96 குளிர்காலத்தில் ஹெல்ஸ் கேன்யன் பள்ளத்தாக்கில் நிமோனியா வந்து சுமார் 300 ஆடுகள் மடிந்தன. பிழைத்த தாய் ஆடுகள் கிருமியைக் குட்டிகளுக்குக் கொடுத்துவிடுவதால், பிறகு வரும் ஆண்டுகளிலும் குட்டிகள் சில மாதங்களிலேயே செத்துப்போகும். 2013இல் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்திலும் நிமோனியா ஆடுகளைக் கொன்றது. ஒரு கூட்டம் முழுவதையும் ஒரே சின்னப் புல்வெளியில் மூக்கோடு மூக்கு உரச நிற்க வைப்பதில் இருக்கும் ஆபத்து இதுதான். அதில் ரொட்டித் துண்டைப் போட்டு இன்னும் நெருக்கியடிக்க வைப்பவர்களை என்ன சொல்வது? ஆட்டின் வயிற்றுக்கு ரொட்டி ஆகாது என்பது ஒரு பக்கம். கையில் தீனி பார்த்துப் பழகிய கிடா, தீனி இல்லாத கையைப் பார்த்தால் என்ன செய்யும் என்பது இன்னொரு பக்கம். முற்றிய கிடா 70, 80 கிலோ எடை இருக்கும். அதன் தலையில் இருப்பது அலங்காரப் பொருள் அல்ல.

அந்தப் புல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது கொலராடோ ஆற்றுத் தண்ணீரில் வளரும் புல். பூங்காவிலிருந்து தெரியும் மீட் ஏரி, 1930களில் நிரம்பத் தொடங்கியதிலிருந்து இல்லாத அளவுக்கு 2022 ஜூலையில் வற்றியது. யாருக்கும் பயன்படாமல் அழகுக்காக மட்டும் வளர்க்கும் புல்லுக்கு ஆற்று நீரைப் பாய்ச்ச 2027 தொடக்கத்திலிருந்து தடை என்று நெவாடா 2021இலேயே சட்டம் இயற்றிவிட்டது. மக்கள் உட்கார்ந்து விளையாடும் பூங்காப் புல் அந்தக் கணக்கில் வராது. ஒருவேளை யாராவது வந்து "இந்தப் புல் யாருக்குப் பயன்படுகிறது?" என்று கேட்டால், பதில் சொல்ல அங்கே நாலுகால் சாட்சிகளே படுத்திருக்கும்!

மனிதர் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் ஆடு என்ன செய்யும் என்பதற்கு அணைக்கு அந்தப் பக்கமே நல்ல உதாரணம் இருக்கிறது. அரிசோனாவில் 93ஆம் எண் நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது ஆடுகள் அடிபடாமல் கடக்க வழி செய்ய வேண்டியிருந்தது. எங்கே பாலம் கட்டுவது? ஆடுகளின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டையைக் கட்டி, அவை எந்த முகடு வழியாகச் சாலைக்கு வருகின்றன என்று பார்த்தார்கள். ஆடுகளுக்குச் சாலைக்கு அடியில் நுழைந்து போவதைவிட மேலே ஏறிப் போவதுதான் பிடிக்கும். எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும் அல்லவா! அந்த முகடுகளிலேயே 2011இல் மூன்று மேம்பாலங்கள் கட்டி முடிக்கப்பட்டன, ஆடுகளுக்காக மட்டும். அதன் பிறகு ஆயிரக்கணக்கான தடவை ஆடுகள் அவற்றின் மேல் நடந்து கடந்திருக்கின்றன. எங்கே நடப்பது என்று ஆட்டைக் கேட்டுவிட்டுக் கட்டினார்கள், ஆடு பயன்படுத்திக்கொண்டது. பூங்காவில் அவ்வளவு செலவுகூட இல்லை. உட்கார்ந்திருந்தால் போதும்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: வேகாஸிலிருந்து அரை மணி நேரத்துக் கொஞ்சம் மேலே ஆகும். புறவழிச்சாலையில் போகாமல் போல்டர் சிட்டிக்குள் இறங்க வேண்டும். மலை காய்ந்து கிடக்கும் கோடைதான் ஆடு பார்க்க நல்ல பருவம். குடிக்கத் தண்ணீர், முடிந்தால் ஒரு பைனாகுலர். பூங்காவை நெருங்கும்போது வண்டியை மெதுவாக ஓட்டவும், ஒரு பெட்டை சாலையைக் கடந்தால் பின்னாலேயே குட்டி வரும். நாய் இருந்தால் வீட்டிலோ விடுதியிலோ விட்டுவிடலாம். ரொட்டிப் பாக்கெட்டைக் காருக்குள்ளேயே வைத்துவிட்டு, மலையைப் பார்த்த மாதிரி ஒரு மேசையைப் பிடித்து உட்காரவும். ஆடு இல்லாத நாளும் உண்டு. அன்றைக்கு ஏரியைப் பார்த்துவிட்டு வரலாம்.